சாபம் நீங்கியது, அச்சம் நீங்கிற்றா?

புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ பற்றிய ஒரு திறனாய்வு

ஒரு கதை பலராலும் பாராட்டப்படுகின்றது என்பதனாலேயே அது நன்கு படிக்கப்பட்டுவிட்டது என்று கூறிவிட முடியாது. பாராட்டே சில வேளைகளில் கதையை மூடி மறைத்துவிடுவதும் உண்டு. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ இதற்குத் தக்க சான்று. 1943ஆம் ஆண்டில் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்த இக்கதை, எண்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் வகுப்பறைகளிலும் இலக்கியக் கூட்டங்களிலும் எடுத்துப் பேசப்படுகின்றது. ஆனால், பேசுவோரில் பலர் கதையின் இறுதிக்கே விரைந்து சென்றுவிடுகின்றனர். சீதை தீக்குளித்த செய்தியைக் கேட்டு அகலிகை கொதித்தாள்; தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா என்று உள்ளம் நைந்தாள்; மீண்டும் கல்லானாள். இதுவே கதை என்று கூறி, காவிய நாயகனையே வினவத் துணிந்த படைப்பு என்று புகழ்ந்து முடிப்பர்.

இப்புகழ்ச்சி பொய்யன்று, ஆயினும் குறையுடையது. இராமன்மேல் கொண்ட சினமே அகலிகையைக் கல்லாக்கியது என்றால், சீதையின் சொல்லைக் கேட்ட அந்தக் கணத்திலேயே அவள் கல்லாகியிருக்க வேண்டும். கதையில் அவ்வாறு நிகழவில்லை. அவள் கல்லாவது கணவனின் தழுவலில். அன்போடு அணைத்த கோதமனின் கைகளுக்குள்ளேதான் அவள் நெஞ்சு இறுகுகின்றது. ஆசிரியர் அந்த இடத்தை அறியாமல் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. அரசியலையும் அறத்தையும் பற்றி இக்கதை பேசுகின்றது என்பது உண்மையே. ஆயினும் அதன் உயிர்நிலை வேறு: வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண், தன்னை நேசிக்கும் கணவனோடு மீண்டும் இல்லறம் நடத்த முயல்கின்றாள், முடியாமற் போகின்றது. ஏன் முடியாமற் போயிற்று என்பதே கதை எழுப்பும் வினா.

பழைய கதையும் புதிய கண்ணும்

அகலிகையின் கதை தமிழருக்கு மிகப் பழையது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல், திருப்பரங்குன்றத்தில் மக்கள் கண்டு நின்ற ஓவியங்களுள் இந்திரன், அகலிகை, கோதமன் ஆகியோரின் ஓவியமும் இருந்ததைக் கூறுகின்றது. படத்தைச் சுட்டிக்காட்டி ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்ளும் அளவுக்கு அன்றே அக்கதை பரவியிருந்தது.

அகலிகை குற்றமுடையவளா, குற்றம் இழைக்கப்பட்டவளா என்பதில் பழைய நூல்கள் ஒன்றுபடவில்லை. வான்மீகத்தின் பாலகாண்டத்தில் வந்தவன் இந்திரன் என்று அறிந்தே அவள் இணங்குகின்றாள். உத்தர காண்டத்திலோ அறியாமல் ஏமாற்றப்பட்டதாகத் தானே கூறுகின்றாள். கம்பர் காட்டும் அகலிகை, வந்தவன் கணவனல்லன் என்பதை இடையிலே உணர்ந்தும் விலகாதிருந்தவள். எனினும் அதே கம்பர், நெஞ்சினால் பிழை செய்யாதவள் அவள் என்றும் முனிவர் வாயிலாகச் சொல்ல வைக்கின்றார். ஒரே காப்பியத்துக்குள் இவ்விரண்டும் நிற்பது, அகலிகையைக் கண்டிக்கவும் முடியாமல் கைவிடவும் முடியாமல் தவித்த ஒரு மரபின் அடையாளம் எனலாம்.

புதுமைப்பித்தன் இத்தவிப்பை ஒரே வெட்டில் அறுத்துவிடுகின்றார். அவருடைய அகலிகை வஞ்சிக்கப்பட்டவள். கணவன் உருவில் வந்தவனைக் கணவன் என்றே எண்ணியவள். ஏமாற்றிப் பெற்ற இசைவு இசைவாகாது என்பது இன்று சட்டமும் ஒப்புக்கொண்ட உண்மை. தான் ஒரு பெண்ணின் கணவனல்லன் என்று அறிந்த ஒருவன், அவள் தன்னைக் கணவனென நம்பியதனால் தந்த இசைவைக்கொண்டு அவளைச் சேர்ந்தால், அது வன்புணர்ச்சியே என்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் வகுத்தது. அச்சட்டத்தின் வழிவந்த மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகின்றது. ஆகவே, அகலிகைக்கு நேர்ந்ததை ‘வழுக்கல்’ என்றும் ‘தவறு’ என்றும் வகுப்பறையில் சொல்லிச் செல்வது, புதுமைப்பித்தனின் கதைக்கும் பொருந்தாது, சட்டத்துக்கும் பொருந்தாது.

மன்னிப்புக்குப் பின் என்ன?

இக்கதைக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1934ஆம் ஆண்டில், ‘மணிக்கொடி’யில் ‘அகல்யை’ என்ற பெயரில் ஒரு கதையைப் புதுமைப்பித்தன் எழுதியிருந்தார். அக்கதையின் முனிவன் சபிப்பதில்லை. கற்பு என்பது மனத்தின் தூய்மையே என்று தெளிந்து, இந்திரனைப் போகவிட்டு, மனைவியை ஏற்றுக்கொள்கின்றான். அக்காலத்துக்கு அது பெரிய துணிவு. கணவன் பெருந்தன்மை உடையவனாக இருந்தால் போதும். எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை அக்கதை படிப்போர்க்குத் தருகின்றது.

ஆனால் ஆசிரியரின் உள்ளம் அங்கே அமைதி கொள்ளவில்லை போலும். ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே பெண்ணிடம் அவர் திரும்பி வருகின்றார். முன்னைய கதை எங்கே முடிந்ததோ, ஏறத்தாழ அங்கேயே பின்னைய கதை தொடங்குகின்றது. சிறுவன் இராமனின் கால் தூசி படிந்து கல் பெண்ணாகின்றது. புற்றை உடைத்துக்கொண்டு கோதமன் எழுகின்றான். விசுவாமித்திரர் வந்து நிற்கின்றார். இராமன் அகலிகையின் காலில் விழுந்து வணங்குகின்றான். சாபம் நீங்கிவிட்டது. பழைய கதை சொல்வோர் அனைவரும் இவ்விடத்தில் ‘மங்களம்’ பாடி எழுந்துவிடுவர். புதுமைப்பித்தன் மட்டும் எழவில்லை. அடுத்த நாள் காலை அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கின்றார். இந்த ஒரு கேள்வியே இக்கதையின் புதுமை.

அகலிகையின் அச்சம்

அடுத்த நாள்களில் நடப்பது பெரிய நிகழ்ச்சி எதுவுமன்று. கணவன் ஏதோ சாதாரணமாகப் பேசுகின்றான்; அதில் உட்பொருள் இருக்குமோ என்று அகலிகை பதைக்கின்றாள். தான் ஒரு சொல் சொல்ல வேண்டுமென்றாலும், அதற்கு வேறு பொருள் தோன்றிவிடுமோ என்று உள்ளுக்குள்ளேயே பல முறை சொல்லிப் பார்த்துக்கொள்கின்றாள். எதிரில் வரும் ஆடவரெல்லாம் இந்திரராகவே அவள் கண்ணுக்குத் தோன்றுகின்றனர். முனிவரின் மனைவியர் அவளைக் கண்டு ஒதுங்கிச் செல்கின்றனர். தொலைவில் நின்று அவள் பெயரைச் சொல்கின்றனர். ஆற்றங்கரையில் அந்தப் பெயர் காதில் விழும்போது, நீங்கிய சாபம் வேறு வடிவில் திரும்பி வந்ததுபோல் இருக்கின்றது.

இந்தச் சிறு சிறு குறிப்புகளில்தான் ஆசிரியரின் நுண்ணறிவு விளங்குகின்றது. வன்கொடுமையின் துன்பத்தை எழுதப் புகுவோர் பலர் அழுகையையும் மயக்கத்தையும் தற்கொலை முயற்சியையும் எழுதுவர். அகலிகை அழுது புரள்வதில்லை. அவள் எச்சரிக்கையாக இருக்கின்றாள், அவ்வளவே. இல்லறத்தில் கணவனும் மனைவியும் கொள்ளும் இயல்பான பேச்சு, அளந்து அளந்து பேசும் பேச்சாக மாறிவிட்டது. அன்பு இல்லாமற் போகவில்லை. அன்பு வெளிப்படும் வழி அடைபட்டுவிட்டது. இந்த வேறுபாட்டை உணர்ந்து எழுதியவர்கள் அன்றைய தமிழ்ப் புனைகதையில் அரியர்.

மருத்துவ நூல்கள் இதைப் பதிவு செய்தது பின்னர்தான். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனைக்கு வந்த, வன்புணர்ச்சிக்கு ஆளான 92 பெண்களைப் பற்றி, மனநலச் செவிலியரான ஆன் பர்கெஸ் அம்மையாரும் சமூகவியல் அறிஞரான லிண்டா ஹோம்ஸ்ட்ரம் அம்மையாரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அப்பெண்கள் அனைவரும் வயது வந்தவர்கள். உடனடிக் கலக்கம் ஒரு நிலை. வாழ்க்கையை மீண்டும் ஒழுங்குபடுத்திக்கொள்ள நெடுநாள் நிகழும் போராட்டம் இன்னொரு நிலை என்று அவர்கள் பிரித்துக் காட்டினர். கூட்டத்தைக் கண்டால் அச்சம், தனிமை என்றால் அச்சம், இடம்விட்டு இடம் மாறத் துடித்தல், கூடலில் அச்சம் ஆகியவை அவர்கள் கண்ட அறிகுறிகளுட் சில. அகலிகையிடமும் ஆடவரைக் கண்டால் அச்சமும் கணவனின் அணைப்பில் அச்சமும் தோன்றுகின்றன. மேலும், ஓரிடத்தில் நிலைகொள்ள முடியாமல் கணவனும் மனைவியும் யாத்திரை போகின்றனர். அந்த ஆய்வுக்கு 31 ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு தமிழ் எழுத்தாளர் மனிதரை உற்று நோக்கியே இதைக் கண்டுவிட்டார் என்பது தமிழாசிரியர்கள் பெருமையோடு எடுத்துச் சொல்லத் தக்கது.

கோதமனின் அன்பு

கதையைப் படிப்போர் கோதமனை வெறுக்க முடியாது. ஆசிரியர் அவனைக் கொடியவனாகப் படைக்கவில்லை. அன்று மனைவியை இழிசொல்லால் சுட்டதற்காக இன்று அவனுடைய நாவே பொசுங்கிப் போனதுபோல் வருந்துகின்றான். அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கின்றான். அறநூல்களையெல்லாம் மீண்டும் எண்ணிப் பார்த்து, தெரிந்து செய்த பிழையே பிழை என்ற முடிவுக்கு வருகின்றான். சிந்தனையில் அவனிடம் குறை காண இடமில்லை.

குறை வேறோர் இடத்தில் இருக்கின்றது. அவன் அவளைப் பற்றி நிரம்ப எண்ணுகின்றான். அவளிடம் கேட்பது குறைவு. தருமத்தைப் பற்றி இராமனோடு பேசுகின்றான். அந்தத் தருமம் யார் உடம்பின்மேல் எழுதப்பட்டதோ, அவள் அருகிலேயே இருக்கின்றாள். ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்ற எளிய வினா அவன் வாயினின்று வரவில்லை. தான் சொன்ன இழிசொல்லுக்காக உள்ளே வெந்துகொண்டிருப்பவன், அந்த வேதனையை அவளிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அவளும் தன் அச்சத்தைச் சொல்லியிருக்கக் கூடும். இருவரும் ஒருவரையொருவர் காக்க வேண்டுமென்றே மௌனம் காக்கின்றனர். காப்பதற்காகக் கட்டிய சுவரே அவர்களைப் பிரித்துவிடுகின்றது.

இறுதியில் அவன் ஒரு மருந்து கண்டுபிடிக்கின்றான். ஒரு குழந்தையைச் சுமந்தால் அவள் மனச்சுமை இறங்கும் என்று எண்ணி, அந்த எண்ணத்தோடு அவளைத் தழுவுகின்றான். நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் அந்த மருந்து வேண்டுமா என்று நோயுற்றவளைக் கேட்கவில்லை. அன்றும் கோதமனின் உருவம்தான் கேளாமல் வந்தது; இன்றும் கோதமனின் உருவம்தான் கேளாமல் வருகின்றது. வந்தவன் இன்று உண்மைக் கோதமன் என்பதை அறிவு அறியும். உடம்பு எவ்வாறு அறியும்? அகலிகையின் கண்ணுக்கு அது இந்திரன் பூண்ட வேடமாகவே படுகின்றது. நெஞ்சு கல்லாகின்றது, அவளுடைய சுமையும் அத்துடன் தீர்கின்றது. முதலில் தண்டனையாக வந்த கல், இரண்டாம் முறை அடைக்கலமாக வருகின்றது. இந்த மாற்றமே கதையின் கொடுமையான உச்சம்.

ஜூடித் ஹெர்மன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இத்தகைய துயரிலிருந்து மீள்வதற்கு மூன்று படிகளை வகுத்துக் கூறினார். பாதுகாப்பை உணர்தல் முதற்படி. நிகழ்ந்ததை நினைந்து சொல்லித் துயர் ஆற்றுதல் இரண்டாம் படி. பிறரோடும் வாழ்க்கையோடும் மீண்டும் பிணைதல் மூன்றாம் படி. மீட்சியின் கடிவாளம் துயருற்றவரின் கையிலேயே இருக்க வேண்டும் என்பதும், அவருடைய நன்மைக்காகவே என்றாலும் பிறர் அதைப் பறித்துக்கொள்ளலாகாது என்பதும் அவர் வற்புறுத்திய கொள்கை. கோதமன் மூன்றாம் படியிலே காலை வைக்கின்றான். முதலிரண்டு படிகளும் ஏறப்படவே இல்லை. அந்தக் காதல் தோற்றதற்கு அகலிகையின் ‘மாசு’ காரணமன்று. கோதமனின் அன்புக் குறைவும் காரணமன்று. அன்பு தன் அவசரத்தை அடக்கிக் காத்திருக்கக் கற்கவில்லை என்பதே காரணம்.

சீதையின் சொல் எங்கே பொருந்துகின்றது?

இவ்வாறு படித்தால் சீதையின் பகுதி தேவையற்றதாகிவிடுமோ என்று சிலர் ஐயுறலாம். ஆகாது, அதன் வேலை இன்னும் தெளிவாகும். அகலிகை தயக்கமின்றிப் பழகிய மிகச் சிலருள் சீதை ஒருத்தி. சீதையோடு இருக்கும்போது அவள் முகம் மலர்ந்தது. அவளை நம்பிய இராமனிடமும் அவளுக்கு அச்சமில்லை. அதாவது, பாதுகாப்பு என்னும் முதற்படி ஓரளவு அமைந்திருந்தது அந்த நட்பில்தான். உள்ளத்தின் தூய்மை போதும் என்று தனக்கு வாழ்வளித்தவனே, உலகுக்கு மெய்ப்பிக்க மனைவியைத் தீயில் இறங்க விட்டான் என்று கேட்டதும் அந்தப் படி இடிந்துவிடுகின்றது. உள்ளம் அறிந்தால் போதாதா, உலகுக்கு உண்மையை நிறுவ முடியுமா என்று அகலிகை கேட்பது சீதைக்காக மட்டுமன்று, தனக்காகவும்தான். அவளை ஏற்றுக்கொண்டவர்களின் நம்பிக்கையும் ஒரு நாள் சான்று கேட்கும் என்று அவள் அறிந்துகொண்டாள். அந்த அறிவோடு வீட்டுக்குள் இருக்கும் நாளில்தான் கோதமனின் கை நீளுகின்றது. ஆகவே, சமூகத்தின் தீர்ப்பும் கணவனின் தழுவலும் இரண்டு வேறு காரணங்களல்ல. ஒன்று மற்றொன்றின்மேல் வந்து விழுகின்றது.

கதையின் குறை

சிறந்த கதை என்பதனால் குறை கூறாது விடுவது திறனாய்வாகாது. கதை யாருடன் முடிகின்றது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கல்லான அகலிகை குடிசையில் கிடக்கின்றாள். கடைசிக் காட்சியில் கோதமன் விரக்தியோடு கைலைமலையை நோக்கிப் பனிவெளியில் தனியே நடக்கின்றான். படிப்போரின் இரக்கம் அவனோடு நடந்து போய்விடுகின்றது. கதை முழுவதும் அகலிகையின் உள்ளத்தைத் திறந்து காட்டிய ஆசிரியர், முடிவை மட்டும் ஆடவனின் துறவாக்கிவிட்டார். மேலும், கல்லாவதைத் தவிர அவளுக்கு வேறு வழியே இல்லை என்ற எண்ணமும் அம்முடிவினால் எழுகின்றது.

இவ்விடத்தில் ஆசிரியர்களுக்குப் பொறுப்பு மிகுதி. படிக்கும் மாணவியருள் எவரேனும் இத்தகைய துயரை அறிந்தவராக இருக்கலாம். அல்லது நாளை அறிய நேரலாம். ‘கெட்டுப்போன பெண் மீண்டும் வாழ முடியாது என்பதே கதையின் கருத்து’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அது இந்திரனின் கொடுமைக்குச் சற்றும் குறையாத கொடுமை. உண்மை அவ்வாறில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் பலர், காலம் கழிந்து, தக்க துணையும் உதவியும் பெற்று, காதலும் இல்லறமும் நிறைந்த வாழ்வை அடைந்துள்ளனர். அகலிகையின் முடிவு ஒரு விதியன்று; ஓர் எச்சரிக்கை. ‘இப்படி நேரும்’ என்று கதை சொல்லவில்லை; ‘இப்படிச் செய்தால் இப்படி நேரும்’ என்றே சொல்கின்றது.

பின்வந்த எழுத்தாளர்களும் இவ்வினாவைத் தொட்டிருக்கின்றனர். 1966ஆம் ஆண்டில் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், மழையில் சீரழிக்கப்பட்டுத் திரும்பிய மகளைத் தாய் தலையில் நீர் வார்த்துத் தூயவள் என்று ஏற்றுக்கொள்கின்றாள். அது பெரும் விவாதத்தை எழுப்பிற்று. பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில், அவ்வாறு ஏற்றுக்கொள்ளாவிடில் அப்பெண்ணின் பிற்கால வாழ்வும் உறவும் எவ்வாறு அமையும் என்பதை அவரே விரித்துரைத்தார். அந்நாவலுக்கு 1972ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. புதுமைப்பித்தனைப் போலவே ஜெயகாந்தனும் ஒரு மன்னிப்போடு கதையை முடித்துவிட்டு, மனநிறைவு கொள்ளாமல் அதே பெண்ணிடம் திரும்பி வந்தார் என்பது கருதத் தக்கது. மன்னிப்பு ஒரு கதைக்கு முடிவாகலாம். ஒரு வாழ்க்கைக்கு முடிவாகாது என்பதை இருவருமே உணர்ந்திருந்தனர்.

பிறந்தது முதல் ‘கற்பு’ என்ற ஒரு சொல்லைக்கொண்டே அகலிகையை அளந்து வந்தது தமிழ் உலகம். அவள் கற்புடையவளா அல்லளா என்று பட்டிமன்றம் நடத்தியது. அவள் அச்சமின்றி உறங்கினாளா என்று கேட்டவர் மிகச் சிலர். அந்தச் சிலருள் முதல்வராகப் புதுமைப்பித்தனை வைக்கலாம். ‘சாப விமோசனம்’ என்ற தலைப்பை அவர் எள்ளலாகவே இட்டார் என்று தோன்றுகின்றது. சாபத்தை நீக்க ஒரு காலின் தூசி போதும். அச்சத்தை நீக்க அது போதாது. அதற்கு நாளும் பொழுதும் உடனிருந்து, கேட்டு, விடை வரும்வரை கையை நீட்டாது பொறுத்திருக்கும் ஒருவர் வேண்டும். அத்தகைய ஒருவரை அகலிகைக்குக் கதை தரவில்லை. படிக்கின்றவர்கள் தம்மைச் சூழ்ந்தோருக்கு அத்தகையோராக அமைவார்களாயின், கல்லான பெண்ணின் துயர் வீணாயிற்று என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.